கனத்த எண்ணெயில் எதை அளக்கிறோம்?

பங்க்கில் நாம் போடும் டீசலில் பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் எடையளவில் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது பி.எஸ்.-6 தரவிதி. பி.எஸ்.-4 காலத்தில் 11 சதவீதம் வரை விட்டிருந்தார்கள். அதே கச்சா எண்ணெயிலிருந்து, அதே சுத்திகரிப்பு ஆலையில், வடிகோபுரத்தின் அடியில் தங்கி வெளியே வரும் ஃபர்னஸ் ஆயிலுக்கு இப்படி ஒரு வரம்பே இல்லை. கப்பல்களில் எரியும் கனத்த எண்ணெய்க்கு ஐ.எஸ்.ஓ. 8217 என்ற உலகத் தரம் உண்டு. அடர்த்தி, பாகுத்தன்மை, கந்தகம், வனேடியம், சாம்பல், அலுமினியத் துகள் என்று நீளும் அந்தப் பட்டியலில் அரோமாட்டிக் தன்மைக்கும் ஓர் இடம் இருக்கிறது: சி.சி.ஏ.ஐ. என்ற எண். அடர்த்தியையும் பாகுத்தன்மையையும் ஒரு சமன்பாட்டில் போட்டால் அது கிடைத்துவிடும். ஆனால் எஞ்சினுக்குள் எண்ணெய் தாமதமில்லாமல் பற்றிக்கொள்ளுமா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கணக்கு. கடலில் கொட்டினால் மீனுக்கும், கையால் அள்ளினால் மனிதருக்கும் என்ன ஆகும் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

இலேசான எண்ணெயை நுணுக்கமாக அளக்கிறோம், கனத்த எண்ணெயை அளக்காமலே விடுகிறோம். இந்த முரண் எப்படி வந்தது? கனத்த எண்ணெயை அளக்க முயன்றவர்கள் எங்கே முட்டிக்கொண்டார்கள்? கையிலிருக்கும் முறைகள் எதைப் பார்க்கின்றன, எதைத் தவறவிடுகின்றன?

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பென்சீன் வளையங்கள் பக்கச்சுவரைப் பகிர்ந்துகொண்டு ஒட்டியிருக்கும் மூலக்கூறுகளே இந்தச் சேர்மங்கள். ஆய்வகங்களில் பி.ஏ.எச். என்பார்கள். இரண்டு வளையம் என்றால் நாஃப்தலீன், மூன்று என்றால் ஃபினாந்த்ரீன், நான்கு என்றால் கிரைசீன், ஐந்து என்றால் புற்றுநோய்க்குப் பேர்போன பென்சோ[ஏ]பைரீன். வளையம் கூடக்கூடக் கொதிநிலை ஏறும். அதனால் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது பெட்ரோலும் மண்ணெண்ணெயும் டீசலும் மேலே போய்விட, பெரிய வளையங்கள் அடியிலேயே தங்கிச் செறிகின்றன. கனமான மூலக்கூறுகளை வினையூக்கி கொண்டு உடைக்கும் அலகின் அடியில் சிலரி ஆயில் என்ற கரிய எண்ணெய் மிஞ்சும். அதில் மூன்று முதல் ஏழு வளையம் வரை ஏராளமாக இருக்கும். பாகு தளர்த்த அதையும் கனத்த எரிபொருளில் கலப்பது வழக்கம். ஆகவே ஃபர்னஸ் ஆயில் என்பது ஒரு பொருள் அல்ல. ஆலைக்கு ஆலை, மாதத்துக்கு மாதம் மாறும் கலவை. ஒரு மாதிரியில் கண்ட எண்ணை இன்னொன்றுக்கு ஏற்ற முடியாது.

இந்தச் சேர்மங்களின் தீங்கை மனித உடல்தான் முதலில் அளந்து காட்டியது. லண்டனின் புகைபோக்கி துப்புரவுத் தொழிலாளர்களின் விரைப்பையில் வந்த புற்றுக்குப் புகைக்கரியே காரணம் என்று அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இல் எழுதினார். 1915இல் ஜப்பானின் யாமாகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் நிலக்கரித் தாரைத் திரும்பத் திரும்பப் பூசிப் புற்றை வரவழைத்துக் காட்டினார்கள். லங்காஷயர் பஞ்சாலைகளில் நூற்பு எந்திரத்தின் கதிர்களுக்குப் போட்ட எண்ணெய் தெறித்துத் தெறித்துத் தொழிலாளர்களின் தொடையிடுக்கில் அதே புற்று வந்தது. 1920களில் அது தனி நோயாகவே பேசப்பட்டது. தாரில் உள்ள ஆயிரக்கணக்கான பொருள்களில் எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க லண்டன் புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் ஒளியைப் பிடித்துக்கொண்டார்கள். புற்று உண்டாக்கும் தார்களைப் புறஊதா ஒளியில் வைத்தால் 400, 418, 440 நானோமீட்டர் அலைநீளங்களில் மூன்று பட்டைகள் ஒளிர்வதை அவர்களில் ஒருவரான ஹீகர் பார்த்திருந்தார். இரண்டு டன் தார்க்கட்டியை எடுத்து, வடித்து, கரைத்து, படிகமாக்கி, ஒவ்வொரு படியிலும் அந்த மூன்று பட்டைகள் எந்தப் பங்கில் வலுக்கின்றன என்று துரத்திக்கொண்டே போய், 1933இல் குக், ஹியூவெட், ஹீகர் மூவரும் பென்சோ[ஏ]பைரீனைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். அரோமாட்டிக் சேர்மங்களை அளக்கும் கலையின் அடிப்படை இன்றும் அதுதான்: கலவையைப் பிரித்துக்கொண்டே போக வேண்டும், தேடும் பொருளுக்கு ஓர் அடையாளம் கையில் இருக்க வேண்டும்.

இன்று இருக்கும் முறைகள் இரண்டு தத்துவங்களில் அடங்கும். ஒன்று, கூட்டத்தை மொத்தமாக எடைபோடுவது. மற்றது, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எண்ணுவது.

மொத்தமாக எடைபோடும் முறைகளில் தொழில்துறையை ஆண்டுவருவது ஐ.பி. 346. செய்முறை எளிமையானது. எண்ணெயைச் சைக்ளோஹெக்சேனில் கரைத்துப் பிரிபுனலில் விட்டு, டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பானைச் சேர்த்துக் குலுக்குவார்கள். கிளைச்சங்கிலி அதிகமில்லாத மூன்று முதல் ஏழு வளையச் சேர்மங்களுக்கு அந்தக் கரைப்பான்மேல் நாட்டம். எண்ணெயை விட்டு அதற்குள் இறங்கிவிடும். அந்த அடுக்கைத் தனியே வடித்து, உப்புநீர் ஊற்றி நீர்த்தால், இறங்கியவை மீண்டும் சைக்ளோஹெக்சேனுக்குத் திரும்பும். கரைப்பானை ஆவியாக்கிவிட்டு மிஞ்சியதை எடை போட்டால் தீர்ந்தது. ஒளிவிலகல் எண்ணையும் பார்த்து, கிடைத்தது அரோமாட்டிக்தான் என்று உறுதி செய்துகொள்வார்கள். மசகெண்ணெயில் இப்படிக் கிடைக்கும் சாறு 3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், ஐரோப்பிய விதிப்படி அந்த எண்ணெய் புற்றுநோய்ப் பொருள் என்ற முத்திரையிலிருந்து தப்பும். இந்த 3 சதவீதம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. எலிகளின் தோலில் பல வகை எண்ணெய்களைப் பூசி நடத்திய சோதனைகளோடு ஒப்பிட்டு எடுத்த எல்லை அது. ஒரு வேதியியல் எண்ணுக்கு உயிரியல் பொருள் இருப்பது அரிது, இதற்கு இருக்கிறது. அந்த வகையில் எனக்கு இந்த முறைமேல் மதிப்பு உண்டு.

ஆனால் அதன் தலைப்பிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது: பயன்படுத்தாத மசகெண்ணெய்களுக்கும், அஸ்பால்ட்டீன் இல்லாத பெட்ரோலியப் பங்குகளுக்கும் மட்டுமே. அஸ்பால்ட்டீன் என்பது ஹெப்டேனில் கரையாமல் கறுப்புப் பொடியாகக் கீழே விழும் கனத்த பகுதி. ஃபர்னஸ் ஆயிலிலும் தார்ச்சாலைக்குப் போடும் பிட்டுமினிலும் அது தாராளமாக உண்டு. பிரிபுனலில் இரண்டு அடுக்குக்கும் நடுவே அது பாலாடைபோல் நின்று பிரிய விடாது. தேடும் சேர்மங்களையும் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். எந்த எண்ணெயில் சந்தேகம் மிக அதிகமோ அந்த எண்ணெயின் வாசலில் வந்து இந்த முறை நின்றுவிடுகிறது. வடிப்பில் எஞ்சும் கனத்த எரிபொருள்களை மனிதருக்குப் புற்று உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1989இல் சேர்த்தது. எவ்வளவு இருந்தால் எவ்வளவு தீங்கு என்று சொல்ல மசகெண்ணெய்க்கு உள்ளது போன்ற எளிய அளவுகோல் கனத்த எரிபொருளுக்கு இல்லை.

பெயர் சொல்லி எண்ணும் வழிக்குப் போனால், அங்கே 16 பெயர்கள் காத்திருக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970களில், 1976ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்பாட்டைத் தொடர்ந்து, தண்ணீரில் கவனிக்க வேண்டிய மாசுகளைப் பட்டியலிட்டபோது பி.ஏ.எச். வகையில் 16ஐச் சேர்த்தது. நாஃப்தலீன் முதல் பென்சோபெரிலீன் வரை. அன்று தூய வடிவில் கடையில் கிடைத்தவை எவை, தண்ணீரில் கண்டறியப்பட்டவை எவை என்பதும் அந்தத் தேர்வை நடத்தியது. அவசரத்தில், நல்ல நோக்கத்தோடு, ஒரு நாட்டின் கழிவுநீருக்காகப் போட்ட பட்டியல் அது. பின்னர் அந்த 16க்கும் கலந்து வைத்த அளவீட்டுக் கரைசல்கள் சந்தைக்கு வந்தன, மென்பொருள்கள் வந்தன, உலகத்து ஆய்வகங்கள் எல்லாம் அதையே பிடித்துக்கொண்டன. மண்ணானாலும் மீனானாலும் கடலில் கொட்டிய எண்ணெயானாலும் ‘மொத்த பி.ஏ.எச்.’ என்று ஓர் அறிக்கை சொன்னால், பெரும்பாலும் அந்த 16இன் கூட்டுத்தொகை என்றே அர்த்தம். இந்தப் பதினாறுக்கு விடைகொடுக்கும் நேரம் வந்துவிட்டதா என்று ஆண்டர்சன், ஆக்டன் என்ற இரு வேதியியலாளர்கள் 2015இல் ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே கேட்டார்கள். எண்ணெய் விஷயத்தில் அதற்கு ஆம் என்பதே என் பதில்.

காரணம் எண்ணெயின் பிறப்பிலேயே இருக்கிறது. விறகோ டீசலோ எரியும்போது உண்டாகும் பி.ஏ.எச். பெரும்பாலும் மொட்டை வளையங்கள். அதிக வெப்பம் கிளைகளைக் கழித்துவிடும். பெட்ரோலியம் பூமிக்கடியில் குறைந்த வெப்பத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வெந்தது. அதன் வளையங்களில் மெத்தில், எத்தில் கிளைகள் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஃபினாந்த்ரீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மெத்தில் ஒட்டினால் ஐந்து விதமான மூலக்கூறுகள் வரலாம். இரண்டு மெத்தில் ஒட்டினால் 25 விதம். மூன்று, நான்கு என்று போனால் நூறைத் தாண்டும். எண்ணெயில் கிளையில்லாத ஃபினாந்த்ரீன் குறைவாகவும், இரண்டு மூன்று கார்பன் கிளை உள்ளவை மிகுந்தும், அதற்கு மேல் மீண்டும் குறைந்தும் இருக்கும். வரைபடத்தில் போட்டால் மணி வடிவம் வரும். பதினாறு பேர் பட்டியலில் இருப்பது அந்த மணியின் இடது ஓரத்தில் உள்ள ஒரே ஒரு சிறு தூண். உச்சி முழுக்க கணக்கில் வருவதில்லை. ஃபினாந்த்ரீனின் கந்தக உறவான டைபென்சோதயோஃபீன் குடும்பமும் பட்டியலில் இல்லை. கந்தகம் கூடிய கனத்த எண்ணெய்களில் அதுவே பெரிய பங்காக இருக்கலாம்.

சரி, கிளைச் சேர்மங்களையும் எண்ணிவிடலாம் என்று இறங்கினால், ஆய்வக மேசையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். கனத்த எண்ணெயை அப்படியே வாயு குரோமட்டோகிராபிக் கருவியில் செலுத்த முடியாது. ஆவியாகாத அஸ்பால்ட்டீன் ஊசிவாயின் கண்ணாடிக் குழலில் கரியாகப் படியும். அடுத்தடுத்த மாதிரிகளில் பெரிய வளையங்களின் எண் குறைந்துகொண்டே வரும். அதனால் முதலில் ஹெப்டேனிலோ பென்டேனிலோ அஸ்பால்ட்டீனை வீழ்த்தி வடிகட்ட வேண்டும். பிறகு சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடித் தூணில் ஊற்றி, முதலில் ஹெக்சேனால் நிறைவுற்ற பகுதியைக் கழுவி வெளியேற்ற வேண்டும், அடுத்து டைகுளோரோமீத்தேன் கலந்து அரோமாட்டிக் பகுதியை இறக்க வேண்டும். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பதில்தான் கைத்திறன். சீக்கிரம் மாற்றினால் மெழுகு கலந்து வரும். தாமதித்தால் நாஃப்தலீன்கள் முந்தைய குடுவையோடு போய்விடும். இந்த இழப்பைக் கணக்கில் கொள்ளத்தான், தொடங்கும்போதே டியூட்டீரியம் ஏற்றிய ஃபினாந்த்ரீன், கிரைசீன், பெரிலீன் ஆகியவற்றைத் தெரிந்த அளவில் எண்ணெயோடு கலந்துவிடுவார்கள். அவை எவ்வளவு குறைந்து வந்தனவோ அதே விகிதத்தில் மற்றவையும் குறைந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள்.

பிறகு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். ஃபினாந்த்ரீனுக்கு நிறை 178. ஒவ்வொரு கார்பன் கிளைக்கும் 14 கூடும்: 192, 206, 220, 234. அந்த எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் 234இல் சிக்கல். நான்கு கார்பன் கிளையுள்ள ஃபினாந்த்ரீனுக்கும் 234. பென்சோநாஃப்தோதயோஃபீன் என்ற நான்கு வளையக் கந்தகச் சேர்மத்துக்கும் 234. சாதாரணக் கருவிக்கு இரண்டும் ஒன்றே. வெளிவரும் நேரத்தையும் உடைந்த துண்டுகளையும் பார்த்துப் பிரித்தறியும் அனுபவம் இல்லாவிட்டால் ஒன்று மற்றதன் கணக்கில் ஏறிவிடும். 252இலும் இதே கதை. பென்சோ[ஏ]பைரீன், பென்சோ[இ]பைரீன், பெரிலீன், பென்சோஃப்ளூராந்தீன்கள் எல்லாம் அதே எண்ணில் வரிசைகட்டி நிற்கும். புற்றுத்திறனில் அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு உண்டு. கிரைசீனும் டிரைஃபினிலீனும் பல தூண்களில் ஒன்றாகவே வெளிவரும். அந்த 25 இருமெத்தில் ஃபினாந்த்ரீன்களுக்கும் தனித்தனித் தூய மாதிரி வைத்திருக்கும் ஆய்வகம் எங்கே இருக்கிறது? ஃபினாந்த்ரீன் கருவியில் எப்படிப் பதிலளிக்கிறதோ அப்படியே அதன் கிளைகளும் அளிக்கும் என்று வைத்துக்கொண்டு எண்ணுகிறார்கள். அது ஒரு நியாயமான மதிப்பீடு. துல்லிய அளவு அல்ல. அறிக்கை அதைச் சொல்ல வேண்டும். பல அறிக்கைகள் சொல்வதில்லை.

கடுமையான விதி இருந்தால் கடுமையான முறையும் வந்துவிடும் என்பதற்கு டயர் ஒரு சான்று. ரப்பரை இளக்கப் போட்ட அரோமாட்டிக் எண்ணெயில் பி.ஏ.எச். மிகுந்திருந்தது. டயர் தேயத்தேய அது சாலைத் தூசியில் கலந்தது. 2010 ஜனவரி 1 முதல் ஐரோப்பாவில், அந்த எண்ணெயில் பென்சோ[ஏ]பைரீன் கிலோவுக்கு 1 மில்லிகிராமையும், பெயர் குறித்த எட்டுச் சேர்மங்களின் கூட்டு 10 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்று விதித்தார்கள். ஐ.பி. 346ஐ வைத்துத் தொடங்கி, பின்னர் எண்ணெயை இரண்டு தூண்களில் அடுத்தடுத்துச் சுத்திகரித்து ஒவ்வொன்றாக எண்ணும் இ.என். 16143 என்ற முறையை உருவாக்கினார்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் கனத்த எண்ணெயிலும் பிடிக்க முடியும் என்று அது காட்டிவிட்டது. கப்பல் எண்ணெயை ஏன் அப்படி அளப்பதில்லை என்று கேட்டால், முடியாது என்ற பதில் இனிச் செல்லாது.

ஆராய்ச்சிக் கூடங்கள் இன்னும் தூரம் போயிருக்கின்றன. இரண்டு தூண்களை வரிசையாகக் கோத்த இருபரிமாண வாயு குரோமட்டோகிராபி, ஒற்றைத் தூணில் பிரியாத மேடாகத் தெரிந்ததைப் புள்ளிகளாக விரித்துக் காட்டுகிறது. அமெரிக்காவின் டலஹாசியில் ஆலன் மார்ஷல் குழுவினர் வலிய காந்தப்புலத்தில் அயனிகளைச் சுழலவிட்டு நிறையை மிக நுட்பமாக அளந்து, ஒரே எண்ணெயில் பல்லாயிரம் வாய்பாடுகளை அடையாளம் கண்டார்கள். பெட்ரோலியோமிக்ஸ் என்ற துறையே அதிலிருந்து கிளைத்தது. வியப்பான வேலை. ஆனால் வாய்பாடு தெரிந்தால் வடிவம் தெரிந்ததாகாது. புள்ளி தெரிந்தால் அளவு தெரிந்ததாகாது. ஒரு கடற்கரையில் எண்ணெய் கரை ஒதுங்கிய மறுநாள் நமக்கு வேண்டிய விடையை இந்தக் கருவிகள் தருவதில்லை.

அந்த விடை எதற்காக என்பதை இங்கே நிறுத்திக் கேட்க வேண்டும். 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவில் தரைதட்டியபின் நடந்த ஆய்வுகள் பழைய கணிப்பைப் புரட்டிப்போட்டன. வெயிலிலும் அலையிலும் கிடந்து இலேசான பகுதி போய்விட்ட எண்ணெயில் தீங்கு குறைந்திருக்கும் என்று எண்ணியிருந்தார்கள். ஹெர்ரிங், சால்மன் மீன்களின் முட்டைகளுக்கு நூறு கோடியில் சில பங்கு பி.ஏ.எச்.சே போதும் என்று அரசு ஆய்வாளர்கள் கண்டார்கள்; எக்ஸான் நிறுவனத்தின் பக்கம் நின்ற ஆய்வாளர்கள் அதை மறுத்து வெகுநாள் வாதாடினார்கள். மீன் குஞ்சின் இதயத்துடிப்பைக் குலைப்பவை மூன்று வளையச் சேர்மங்கள், குறிப்பாகக் கிளையுள்ளவை, என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. 2014இல் டூனா மீனின் இதயச் செல்களில் எண்ணெய் பொட்டாசியம் வழிகளை அடைப்பதையும் கண்டார்கள். ஆக, இரண்டு தீங்குகள். மனிதருக்குப் புற்று தருவது நான்கு, ஐந்து வளையங்கள். மீன் முட்டையை அழிப்பது மூன்று வளையக் கிளைச் சேர்மங்கள். பென்சோ[ஏ]பைரீன் குறைவு, ஆகவே கவலையில்லை என்று ஓர் அறிக்கை சொன்னால், அது முதல் கேள்விக்குப் பாதி பதில். இரண்டாவதை அது கேட்கவே இல்லை.

1999 டிசம்பரில் பிரிட்டனி கடற்கரையருகே எரிக்கா கப்பல் உடைந்தபோதும், 2002 நவம்பரில் கலீசியா அருகே பிரஸ்டீஜ் கப்பல் மூழ்கியபோதும் கொட்டியது கனத்த எரிபொருள்தான். ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் கையுறை போட்டும் போடாமலும் அதை அள்ளினார்கள். நம் எண்ணூருக்கு வெளியே 2017 ஜனவரி 28 அதிகாலையில் பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற கப்பல்கள் மோதியபோது கரை சேர்ந்ததும் கனத்த எண்ணெயே. மீனவர்களும் மாணவர்களும் வாளி வாளியாக அதை அள்ளிக் கைமாற்றிக் கொடுத்த படங்களை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தபோது, படகும் வலையும் வீட்டுச் சுவரும் கறுத்தன. இங்கேயெல்லாம் மக்கள் கேட்ட கேள்விகள் எளியவை: தோலுக்கு என்ன ஆகும்? மீனைச் சாப்பிடலாமா? இறால் எப்போது திரும்பும்?

மீனைப் பற்றி ஒரு விஷயம் தெரிய வேண்டும். மீனின் கல்லீரல் பி.ஏ.எச்.சை விரைவில் உடைத்துப் பித்தத்தின் வழியே வெளியேற்றிவிடும். அதனால் தசையை மட்டும் சோதித்து ஒன்றுமில்லை என்று சொல்வது மீனை உண்பவருக்குச் சரியான ஆறுதல்தான். மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு அது சாட்சியாகாது. அதற்குப் பித்தத்தைப் பார்க்க வேண்டும். பச்சை மட்டிக்கு அந்த வசதி கிடையாது. தண்ணீரை வடித்து உண்ணும் அது, வந்ததையெல்லாம் சேர்த்து வைக்கும். ஐரோப்பா மட்டி வகைகளுக்குப் பென்சோ[ஏ]பைரீன் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், நான்கு சேர்மங்களின் கூட்டு 30 மைக்ரோகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. கழிமுகத்தில் எதைச் சோதிக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் முதலில் மட்டி, அடுத்து சேறு, அதற்குப் பிறகே மீன்.

சேற்றில் இன்னொரு தொல்லை: எண்ணூர் போன்ற இடத்தில் எண்ணெய் கொட்டுவதற்கு முன்பே அனல்மின் நிலையப் புகையும் லாரிப் புகையும் பி.ஏ.எச்.சைக் கொண்டுவந்து கொட்டியிருக்கின்றன. எது பழையது, எது புதியது? இங்கேதான் கிளைச் சேர்மங்கள் மறுபடி கைகொடுக்கின்றன. மணி வடிவம் தெரிந்தால் எண்ணெய். மொட்டை வளையங்கள் ஓங்கியிருந்தால் புகை. எளிதில் சிதையாத ஹோப்பேன் என்ற சேர்மத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு எண்ணெய் போயிற்று, எவ்வளவு மிச்சம் என்றும் சொல்லலாம். பதினாறை மட்டும் எண்ணிய அறிக்கையில் இது எதுவும் முடியாது. வெயில் பட்ட எண்ணெய் ஆக்சிஜன் ஏறி வேறு சேர்மங்களாக மாறி வாயு குரோமட்டோகிராபியின் கண்ணிலிருந்தே மறைந்துவிடும் என்பதும் 2010 மெக்சிகோ வளைகுடா விபத்துக்குப் பின் தெளிவானது. அளவு குறைந்தது என்றால் எண்ணெய் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

ஆகவே கொட்டிய எண்ணெயைக் கரையில் அள்ளிச் சோதிப்பதோடு, கொட்டுவதற்கு முந்தைய எண்ணெயையும் சோதிக்க வேண்டும். கப்பல் விபத்துகளில் அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. மார்போல் உடன்படிக்கையின் ஆறாம் இணைப்பின்படி, கப்பலுக்கு எரிபொருள் நிரப்பும்போதெல்லாம் குழாயிலிருந்து சொட்டுச்சொட்டாகச் சேகரித்த மாதிரி ஒன்றை, 400 மில்லிலிட்டருக்குக் குறையாமல், விநியோகஸ்தரும் கப்பல் அதிகாரியும் கையெழுத்திட்டு முத்திரை வைத்துக் குறைந்தது 12 மாதம் கப்பலின் பொறுப்பில் வைத்திருக்க வேண்டும். கந்தகத்தைச் சரிபார்க்க வந்த ஏற்பாடு அது. மோதிய கப்பலின் எண்ணெய், எந்த வெயிலும் அலையும் படாமல், ஒரு பாட்டிலில் அப்படியே இருக்கிறது. கடலோரக் காவல்படையோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ முதல் நாளே அந்தப் பாட்டிலைக் கேட்டு வாங்கி, கிளைச் சேர்மங்கள், கந்தக வளையங்கள், ஹோப்பேன் உட்பட அளந்து, மீனவக் கிராமங்களுக்குத் தெரியும்படி முடிவை வெளியிட ஓர் உத்தரவு போதும். ஆலையிலிருந்து வந்த எண்ணெய் என்றால் பாட்டில் இருக்காது. அங்கே ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் அதேபோல மாதிரி எடுத்து முத்திரையிட்டு வைப்பதை உரிம நிபந்தனையிலேயே எழுத வேண்டும்.